வாசலில் கழற்றி வைத்த சப்பாத்து

அந்தச் சப்பாத்தை எனக்குக் கொடுத்தபோது எனக்கு முப்பது வயது ஆகவில்லை. அதுவரை என் காலில் பெரிதாக எதுவும் ஏறியதில்லை. கல்யாணத்துக்கு ஒரு சோடிச் செருப்பு வாங்கினேன். இரண்டு தரம் போட்டிருப்பேன். பிறகு அது, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், எங்கள் அறையின் பலகைத் தட்டில் கிடந்து வெடித்துப் போனது.

சப்பாத்து இடது காலுக்கு மட்டும்தான். கறுப்புத் தோல். குதிகாலின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு இரும்புக் கம்பிகள் எழும்பி, முழங்காலுக்குக் கீழே ஒரு தோல் பட்டையில் போய்ச் சேரும். பூட்டுவதற்கு நாலு வார்கள். குனிந்து நாலையும் பூட்டி நிமிர்வதற்குள் ஆரம்பத்தில் எனக்கு ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம் ஆனது. கழற்றுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைப் பக்கம். நான் கவ்வாத்து வெட்டுகிறவன், தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிடுகிற வேலை. ஒரு மழை நாளில் மேலே நிழல் மரத்துக் கிளை ஒன்றை வெட்டிச் சாய்த்தார்கள். கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் நின்ற எனக்கு அவர்கள் போட்ட சத்தம் கேட்கவில்லை. கிளை முழங்காலை ஒட்டி விழுந்தது. பதுளைக்குக் கொண்டுபோய் எலும்பைக் கூட்டிவிட்டார்கள். ஆனால் பாதம் எழும்பவில்லை. காலைத் தூக்கினால் பாதம் செத்த கோழியின் கழுத்தைப் போலத் தொங்கும். நடந்தால் பெருவிரல் தரையில் இடறும். மேட்டில் ஏறினால் வழியிலுள்ள கல்லெல்லாம் என் விரலுக்குத்தான்.

தோட்டத்தை நடத்துகிற துரை என்னை ஒபிசுக்குக் கூப்பிட்டார். அவர் படியில் மேலே நின்றார். நான் கீழே நின்றேன். பக்கத்தில் நின்ற பெரிய கணக்கப்பிள்ளை அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்.

"இந்தா பாரு, மலைக்கு இனி நீ ஒதவ மாட்ட. மூணு மாசம் டைம் குடுக்கிறாரு தொரை. ஆஸ்பத்திரியில இருந்து, இவன் வேலை செய்யக்கூடிய ஆள்னு கடுதாசி கொண்டா. கேட்டு வாசல்ல காவலுக்குப் போடலாம். இல்லாட்டி பத்துச்சீட்டுதான்."

பத்துச்சீட்டு என்பது வேலையை விட்டு நிறுத்தும் கடிதம். எங்கள் தோட்டத்தில் அது புருசனுக்குக் கிடைத்தால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டும். லயத்து அறையில் இருக்க முடியாது. என் மனைவி கொழுந்து எடுத்தாள். மகளுக்கு இரண்டு வயது. மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் போன பிறகு யாரும் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேள்விப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் மாதத்தில் ஒரு நாள், வெளியிலிருந்து வருகிற நோயாளிகளைப் பார்ப்பதற்கு ஒரு நீண்ட அறையைத் திறப்பார்கள். கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் ஒருவர் ராத்திரி ரயிலேறி வருவார். சிங்களவர். நரைத்த மீசை. அவரோடு ஐந்து இளம் டொக்டர்மார் நிற்பார்கள். அவர்கள் சாதாரண வைத்தியம் முடித்துவிட்டு, உடைந்த ஆளை மறுபடி வேலைக்குத் திருப்புகிற வைத்தியத்தைப் படிக்கிறவர்கள் என்று நர்சம்மா சொன்னார். நோயாளிகள்தான் பாடம். ஒருவர் தொட்டுப் பார்ப்பார், பெரியவர் கேள்வி கேட்பார், மற்றவர்கள் நின்றபடி எழுதிக்கொள்வார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

அளவெடுத்துச் சப்பாத்தைத் தந்த பெரியவர், அதைப் போட்டுக்கொண்டு அடுத்த மூன்று மாதமும் வந்து நடந்து காட்ட வேண்டும் என்றார். தோட்டத்துக்குக் கடிதம் எழுதுவது அதைப் பார்த்துத்தான்.

முதல் மாதம் போனேன். பசறை வழியாக வருகிற பஸ்சில் இறங்கி, சப்பாத்துக் காலோடு பஜாரைத் தாண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு தரம்கூட இடறாமல் நடந்தேன். மனதுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. அறைக்கு வெளியே இருந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். அடுத்து உள்ளே போக வேண்டியவன் நான் என்று ஆனதும் குனிந்து நாலு வாரையும் அவிழ்த்தேன். சப்பாத்தைத் துண்டில் சுற்றி வாங்கின் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன்.

இப்போது படிக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எங்களில் எவனும் துரைமார் முன்னால் காலில் போட்டதோடு நிற்க மாட்டான். ஒபிசுக்குப் போனாலும், பங்களாப் பக்கம் போனாலும், தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாலும் தலைத்துண்டு கைக்கு வரும், செருப்பு வாசலோடு நிற்கும். யாரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் யோசித்தும் செய்யவில்லை. சோறு தின்னக் கை கழுவுகிற மாதிரி, வாசல் வந்ததும் கை வாருக்குப் போய்விட்டது.

சிமெந்துத் தரையில் சோக்கால் ஒரு நேர்கோடு போட்டிருந்தார்கள். அதன் மேல் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். பெருவிரல் தரையைச் சுரண்டியது.

"சப்பாத்து?" என்றார் பெரியவர், தமிழில்.

"இருக்குங்க."

"போடுறதா?"

"ஆமாங்க."

"இப்ப எங்கே?"

வெளியில் இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால், ஏன் வெளியில் என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது? உங்களுக்கு மரியாதை என்று அவரிடமே எப்படிச் சொல்வது? நான் சோக்குக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு பேர் என்னைச் சுற்றி வளையமாக நின்றார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைக் கோட்டு. பெரியவர் இங்கிலீசில் ஏதோ சொல்ல, எல்லோரும் எழுதினார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார்கள், கண்ணை மூடச் சொல்லி ஊசியால் தொட்டார்கள். ஒரு பையனின் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. அவன் பெரியவருக்குப் பயந்தான். நான் அவர்கள் எல்லோருக்கும் பயந்தேன்.

இரண்டாம் மாதமும் அப்படியே நடந்தது. இந்த முறை போட்டுக்கொண்டே போவது என்று பஸ்சில் நினைத்துக்கொண்டுதான் போனேன். வாசல் வந்ததும் கை போய்விட்டது. பெரியவர் இந்தத் தரம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் தன்னிடம் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டார். அந்த ஐஸ் விரல் பையன் ஏதோ பதில் சொன்னான். பெரியவர் தலையாட்டினார்.

வெளியே வந்து வாங்கில் குந்தி வார்களைப் பூட்டிக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அந்தப் பெண் டொக்டர். நான் எழும்பப் பார்த்தேன். பாதி பூட்டிய சப்பாத்து தடுத்தது.

"இருங்கோ, இருங்கோ. எழும்பாதேங்கோ." அவர் என் காலையே பார்த்தார். "இதை இஞ்சையே வச்சிருந்தனீங்கள்? ரெண்டு முறையும்?"

"ஆமாங்க."

"கடவுளே. ஏன் கழட்டினனீங்கள்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தார். செம்மண் ஏறி, முன்பக்கத் தோல் தேய்ந்திருந்தது. அறைக் கதவையும் என் வெறும் வலது காலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

"உள்ளுக்கு என்ன கதைச்சவை எண்டு தெரியுமே? ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வீட்டில எறிஞ்சிட்டு வாற ஆக்களுக்கு நீங்கள்தான் உதாரணம். அடுத்த முறையும் இப்பிடி வந்தால் சப்பாத்தைத் திருப்பி வாங்கி வேற ஆளுக்குக் குடுக்கிறதாம். தோட்டத்துக்கு, இவர் வேலைக்குச் சரிவரார் எண்டு எழுதுறதாம்."

நான் கையைக் கூப்பினேன். "நீங்க கொஞ்சம் சொல்லுங்கம்மா, பெரிய டொக்டர்கிட்ட."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். முகம் சின்னதாகப் போய்விட்டது. "நான் எப்பிடிச் சொல்லுறது? ரெண்டு மாசமாப் பிழையாப் படிப்பிச்சனீங்கள் எண்டு, எல்லாருக்கும் முன்னால? எனக்கு இன்னும் ஒரு வருசம் அவரிட்டப் படிக்க வேணும். அவர்தான் கையெழுத்து வைக்க வேணும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்கள் போட்டுக்கொண்டு வாங்கோ. அவ்வளவுதான். வேற ஒண்டும் வேண்டாம்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். ஓடிப்போனார். அந்த ஐந்து பேரும் பெரியவர் உட்கார்ந்தால் நிற்பார்கள், அவர் நின்றால் விலகி நிற்பார்கள் என்பது அப்போதுதான் என் மனதில் பட்டது.

அந்த மாதம் முழுவதும் லயத்தில் பழகினேன். நடக்க அல்ல. நடை வந்துவிட்டது. கதவைத் தாண்டப் பழகினேன். என் மனைவி கொழுந்து போட்டுவிட்டு வந்ததும், விறகுப் பெட்டியின் மேல் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்வாள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மூக்கால் பேசுவாள்.

"ம். உள்ள வா, மேன். என்னா வேணும்?"

நான் வெளியிலிருந்து வருவேன். வாசல் வரைக்கும் டக் டக் என்று இரும்புச் சத்தத்தோடு வருவேன். அவள் காலுக்கு மேல் கால் போட்டிருப்பதைப் பார்த்ததும் முதுகு தானாக வளையும்.

"ஏங்க! நான் ஒங்க பொண்டாட்டிங்க. எனக்கு முன்னாலயே கழட்டுறீங்களே!"

இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்து, "என்னா, தொரைசாணியம்மா, இன்னைக்கு எத்தன பேருக்குப் பத்துச்சீட்டு?" என்றாள். மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து அடுப்பை ஊதப் போனாள். அந்த வார்த்தையை வைத்து விளையாடும் நிலையில் நாங்கள் இல்லை.

மூன்றாம் மாதம் பெரிய கணக்கப்பிள்ளையும் என்னோடு வந்தார். கடிதத்தை நேரே கையில் வாங்கி வரச் சொல்லித் துரை அனுப்பியிருந்தார். பஸ்சில் அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். ஆஸ்பத்திரி வாங்கிலும் அவர் உட்கார்ந்தார். நான் சுவரோடு நின்றேன். அவர் முன்னால் அந்தச் சப்பாத்தோடு நிற்பதே எனக்குக் கூச்சமாக இருந்தது. வழியெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு முன்னால் இருந்த ஆள் உள்ளே போனான்.

"டேய்."

"ஐயா."

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? கழட்டு அத. கொழும்பு டொக்டர் தொரை முன்னால லாடம் அடிச்ச மாடு மாதிரியா போவ? தோட்டத்துப் பேரக் கெடுக்காத."

"டொக்டரம்மா போட்டுக்கிட்டு வரச் சொன்னாங்கய்யா."

"சொல்லுவாங்க, சொல்லுவாங்க. அவங்க சொன்னா ஒனக்கு எங்க போச்சு புத்தி?"

நான் குனிந்தேன். மேல் வாரை அவிழ்த்தேன். இரண்டாவதையும் அவிழ்த்தேன். உள்ளே துரைக்குச் சமமான ஆள் சப்பாத்தைப் போடு என்கிறார். வெளியே துரையின் கண்ணாக வந்திருக்கிறவர் கழற்று என்கிறார். மூன்றாவது வாரில் விரலை வைத்தபடி அப்படியே குனிந்திருந்தேன். இரத்தம் தலைக்கு இறங்கி இரைச்சல் கேட்டது. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் இதே கணக்கப்பிள்ளைதான் எங்கள் அறைச் சாமான்களை வெளியே வைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அறை, அடுப்பு, மகள் தூங்குகிற சாக்குத் தொட்டில். எல்லாம் அந்த மூன்றாவது வாரில் வந்து நின்றன.

கதவு திறந்தது. பெண் டொக்டர் நம்பரைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கதவை அகலமாகத் திறந்து பிடித்தபடி நின்றார்.

நான் நிமிர்ந்து அப்படியே போய்விட்டேன். தைரியத்தால் அல்ல. நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள், இனி நேரம் இல்லை என்ற பயத்தால். இரண்டு வார் பூட்டியபடி, இரண்டு வார் தொங்கியபடி. மேலே கம்பி கழன்று ஆடியது. ஒவ்வொரு அடிக்கும் சிமெந்தில் இரும்பு விழுந்து அறை முழுக்கக் கேட்டது. "டேய், டேய்," என்று பின்னால் கணக்கப்பிள்ளையின் குரல் வாசல் வரைக்கும் வந்து நின்றது.

பெரியவர் என் காலைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துக் கை தட்டி அருகே கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, கால்சட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, என் முன்னால் முழங்காலிட்டார். தொங்கிய வாரைப் பிடித்து, எந்தத் துளையில் பூட்ட வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவர்களுக்கு இங்கிலீசில் சொல்லிச் சொல்லித் தன் கையால் பூட்டினார்.

அவர் கை என் காலில் பட்டதும் நான் காலை வெடுக்கென்று இழுத்தேன். கம்பி அவர் விரலில் பட்டிருக்கும். "சும்மா நில்லு," என்றார், கோபமில்லாமல். நான் நின்றேன். நரைத்த தலையின் வகிடு எனக்குக் கீழே தெரிந்தது. அந்த இடத்தை விட்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. அவர் பிடித்திருந்த காலோடு எங்கே ஓடுவது? வாசலில் கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றார். அவருடைய செருப்பு இரண்டும் அவருக்குப் பின்னால் வாசலுக்கு வெளியே கிடந்தன.

நடந்தேன். திரும்பினேன். மறுபடி நடந்தேன். ஒரு இடத்திலும் இடறவில்லை. கடிதம் எழுதினார்கள்.

பஸ் பசறையைத் தாண்டியது. கணக்கப்பிள்ளை முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்.

"அந்தாளு ஒன் காலப் புடிச்சாரு. பாத்துக்கிட்டு நிக்கிற நீ. ஒரு வார்த்த, வேணாங்கய்யான்னு வாயில வரல்ல."

"ஆமாங்கய்யா."

"கேட்டுல ஒன்னப் போடுவாரு தொரை. கடுதாசி அப்பிடித்தான் இருக்கு. ஆனா ஒன்னு. தொரை காரு வந்தா அந்த லாடத்தக் கழட்டிட்டுத்தான் நிக்கணும். ஆஸ்பத்திரி வேற, தோட்டம் வேற."

இது துரை சொன்னதா, இவராகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற ஆள் நான் இல்லை.

கேட்டு வாசலில் வேலை கிடைத்தது. அறை எங்களுடையதாகவே இருந்தது. மகள் அங்கேதான் வளர்ந்தாள். தகரக் கொட்டகைக்குள் ஒரு பெட்டியில் உட்கார்ந்திருப்பேன். கார், லொறி வந்தால் எழுந்து பாதைக்குக் குறுக்கே போட்ட தடிக் கம்பைத் தூக்க வேண்டும். சப்பாத்தோடு அது பெரிய வேலை இல்லை. சப்பாத்து இல்லாமல்தான் கஷ்டம். துரையின் கார் பாதையில் கீழிருந்து நாலு வளைவு ஏறி வரும். முதல் வளைவில் சத்தம் கேட்டதும் முதல் வாரை அவிழ்ப்பேன். நாலாவது வளைவில் நாலாவது வார். காலை உருவி, சப்பாத்தைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, பாதத்தை இழுத்துக்கொண்டு போய்க் கம்பைத் தூக்கி நிற்பேன். கார் போகும். கண்ணாடிக்குள் துரையின் தொப்பி தெரியும். பிறகு குந்தி, நாலு வாரையும் திரும்பப் பூட்டுவேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம். கொட்டகையில் தனியே இருக்கும்போதும் காது அந்த முதல் வளைவிலேயே இருக்கும். வெற்றிலை போட்டாலும், சோற்றைத் திறந்தாலும்.

ஒபிஸ் பைலில் கிடந்த கடிதத்தில், வேலை நேரம் முழுவதும் சப்பாத்துக் காலில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்ததாம். பின்னாளில் கிளாக்கர் ஐயா சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு வருசத்தில் ஒரு தரம் போனேன். பெண் டொக்டர் படிப்பு முடித்துப் போய்விட்டார். புதிய பிள்ளைகள் வந்தார்கள். நான் இப்போது சப்பாத்தோடு உள்ளே போனேன். ஒவ்வொரு தரமும் வாசலில் கை கீழே இறங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவேன். பெரியவர் சப்பாத்தைக் கழற்றி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கொடுப்பார். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, இவர் எப்படி நடக்கிறார் என்று சொல்ல வேண்டும். அதுதான் பாடம்.

ஒரு வருசம் ஒரு கெட்டிக்காரப் பையன் அடியைப் பார்க்காமல் வார்களைப் பார்த்தான். துளைகள் எல்லாம் இழுபட்டு நீண்டு, தோல் பிய்ந்து கிடந்தது. அடி அவ்வளவு தேயவில்லை. அவன் ஆச்சரியப்பட்டுப் பெரியவரிடம் காட்டினான். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நாள் முழுக்கப் போடுறதா?" என்றார் என்னிடம்.

"ஆமாங்க."

"காலையில போட்டா ராவைக்குத்தான் கழட்டுறது?"

"ஆமாங்க."

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். நான் சோக்குக் கோட்டைப் பார்த்தேன். புதிய வார்கள் போட்டுத் தந்தார்கள்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு துரை மாறினார். வந்தவர் இளம் ஆள், உடம்பில் புஷ் சேட், ஏறி வருவது ஜீப். பெரிய கணக்கப்பிள்ளை அதற்கு முன்பே பென்சன் வாங்கிப் போய்விட்டார். அந்தக் கட்டளையை என்னிடம் சொல்ல இனி யாரும் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவும் யாரும் இல்லை. நான் ஜீப்பின் சத்தத்துக்குப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் பின்னேரம் ஜீப் கீழிருந்து வராமல் மேல் டிவிசன் பாதையால் இறங்கி வந்துவிட்டது. சத்தம் கேட்கும்போது அது கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு வாரைக்கூடத் தொட நேரமில்லை. சப்பாத்தோடு ஓடிக் கம்பைத் தூக்கினேன். ஜீப் மெதுவாக ஊர்ந்தது. துரை வெளியே பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"மழை வரும் போல," என்றார், அரைகுறைத் தமிழில். போய்விட்டார்.

நான் கம்பைத் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். அவர் கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அவர் கண்ணில் அது ஒரு சப்பாத்து மட்டும்தான். முந்திய துரையும் ஒருவேளை அப்படித்தான் பார்த்திருப்பாரோ என்ற நினைப்பு வந்ததும் எனக்குக் கால் நோக ஆரம்பித்தது. எத்தனை வருசம், ஒரு நாளைக்கு எத்தனை தரம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப நாளையில இருந்து கழட்டாம இருங்க," என்றாள். "அதுல என்னாங்க இருக்கு?"

"ஆமா," என்றேன்.

மறுநாள் காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறியதும் கொட்டகையில் உட்கார்ந்தேன். சப்பாத்து காலில் இருந்தது. நாலு வாரையும் ஒரு துளை கூடவே இறுக்கியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே முதல் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. கைகளை மடியில் வைத்து ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டேன். இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவில் பார்த்தபோது என் விரல்கள் இரண்டாவது வாரில் இருந்தன.